மாடி அக்வாபோனிக்ஸ்: கோளாறு மோட்டாரிலா, பைப்பிலா?

வீட்டு அக்வாபோனிக்ஸில், அதாவது மீன் தொட்டித் தண்ணீரைச் சுற்றவிட்டுச் செடி வளர்க்கும் அமைப்பில், எது கெட்டாலும் பழி மோட்டார் மேல்தான் விழுகிறது. தண்ணீர் குறைந்தால் பெரிய மோட்டார் வாங்கிப் போடுகிறார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் செடிப் படுக்கை நிரம்பி மாடியெல்லாம் தண்ணீர். கடைக்குப் போகும் முன் ஒரு வாளியும் ஹாக்ஸா பிளேடும் வைத்துக்கொண்டு பைப்பைப் பார்த்துவிடுவது செலவு குறைந்த வழி.

கீழே உள்ளதெல்லாம் மொட்டை மாடியில் பலரும் வைத்திருக்கும் அளவுக்கானது: 500 லிட்டர் மீன் தொட்டி, ஜல்லி நிரப்பிச் செடி வைக்கும் ஒன்றிரண்டு படுக்கை, 110 மி.மீ. பைப்பில் இரண்டு வரிசை கீரை. இதில் இரண்டு வகை பைப் உண்டு. மோட்டார் தள்ளும் பைப்பில் அழுத்தம் இருக்கும், அது கசியக் கூடாது. சரிவில் தானாக வடியும் பைப்பில் அழுத்தம் கிடையாது, அது அடைக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே பைப்பை, ஒரே அளவில், ஒரே மாதிரி ஒட்டி வைப்பதில்தான் பாதித் தொல்லை ஆரம்பிக்கிறது.

பைப் வேலை முடிந்த பிறகு மீன் மேலே வந்து திணறுகிறது

அவசரம் என்பதால் இது முதலில். ஏர் பம்ப்பை முழு வேகத்தில் விடுங்கள். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுங்கள். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரின் போகத் திறந்து வைத்ததாக இருக்கட்டும். பிறகு காரணத்தைத் தேடலாம்.

புதிதாக ஒட்டிய ஜாயிண்ட் இருந்தால் பைப்பின் வாயில் மூக்கை வைத்துப் பாருங்கள். சொல்யூஷன் (பைப் ஒட்டும் பசை) வாடை அடித்தால் அது இன்னும் காயவில்லை, கரைப்பான் தண்ணீரில் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஒட்டிய பின் 24 மணி நேரம் காயவிட்டு, முதல் தண்ணீரை ஓடவிட்டுக் கீழே கொட்டிவிட்டு, அதற்குப் பிறகுதான் மீன் தண்ணீரை விட வேண்டும். சொல்யூஷனை உள்பக்கம் அப்புவதும் தப்பு. பைப்பின் வெளிப்புறத்தில் தாராளமாகவும் ஃபிட்டிங்கின் உள்ளே மெல்லிசாகவும் தடவினால் உள்ளே கட்டியாக வழியாது.

வாடை இல்லையென்றால் உலோகத்தைத் தேடுங்கள். ‘பிளாஸ்டிக் வால்வு உடைந்துவிடும், பித்தளை போடுங்க சார்’ என்று பிளம்பர் அன்பாகத்தான் சொல்லியிருப்பார். குடிதண்ணீர் லைனுக்கு அது நல்ல யோசனை. மீன் தொட்டிக்கு ஆகாது. பித்தளையில் இருப்பது செம்பும் துத்தநாகமும், இரண்டும் மீனுக்கு விஷம். மீன் கழிவில் வரும் அம்மோனியாவை பாக்டீரியா நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதனால் நன்றாக ஓடும் அமைப்பில் பி.எச். மெல்ல மெல்ல இறங்கும், இறங்க இறங்க உலோகம் கூடுதலாகக் கரையும். வால்வைக் கழற்றி மரையைப் பாருங்கள். பச்சையும் நீலமும் கலந்த பொடி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மீனுக்கு முன்னால் தொட்டியில் இருக்கும் நத்தைகள்தான் சாகும், அதையும் கவனியுங்கள். ஜி.ஐ. இரும்புப் பைப்பின் வெள்ளைப் பூச்சு துத்தநாகம், அதுவும் வேண்டாம். அழுத்தம் குறைவான இந்த அமைப்புக்கு யு.பி.வி.சி. (கெட்டி பிளாஸ்டிக்) பால் வால்வு தாராளம்.

மூன்றாவது சந்தேகம் இடைவெளி அடைக்கும் சிலிக்கான். பாத்ரூமுக்கு விற்கும் பூஞ்சைத் தடுப்பு சிலிக்கானில் மருந்து கலந்திருக்கும். மீன் தொட்டிக்கென்றே விற்பதை வாங்குங்கள்.

பழைய வீட்டை இடித்த பைப் மிச்சம் இருந்தால் ஆசைப்பட வேண்டாம். பி.வி.சி. பைப்பில் ஈயம் கலந்த நிலைப்படுத்திகளைப் படிப்படியாக ஒழிக்க ஒன்றிய அரசு விதி கொண்டுவந்ததே 2021-இல்தான். அந்தக் கீரையை நாம்தான் சாப்பிடப் போகிறோம்.

ஒன்று மட்டும்: மீன் தினமும் விடியற்காலையில் மட்டும் திணறி, வெயில் ஏறியதும் சரியாகிறது என்றால் பைப் மேல் குற்றமில்லை. அது இரவில் ஆக்ஸிஜன் குறைவது. ஏர் பம்ப்பைக் கூட்டுங்கள்.

மோட்டார் ஓடும் சத்தம் கேட்கிறது, தண்ணீர் ஒழுகுகிற மாதிரி வருகிறது

முதலில் அளந்துவிடுங்கள். 10 லிட்டர் வாளியைப் பைப்பின் முனையில் பிடித்து, நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். 36,000-ஐ அந்த விநாடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 36 விநாடி என்றால் மணிக்கு 1,000 லிட்டர். தொட்டித் தண்ணீர் மணிக்கு ஒருமுறையாவது சுற்ற வேண்டும், ஆகவே 500 லிட்டர் தொட்டிக்கு 72 விநாடிக்குள் வாளி நிரம்பினால் போதும்.

பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்பி ஏமாறாதீர்கள். 2,500 லிட்டர், 3 மீட்டர் என்று இருந்தால், 3 மீட்டர் உயரத்துக்கு 2,500 லிட்டர் தள்ளும் என்று அர்த்தமில்லை. உயரமே இல்லாதபோது 2,500, 3 மீட்டரில் பூஜ்யம். நடுவில் ஒன்றரை மீட்டரில் ஏறத்தாழ பாதி கிடைத்தாலே நல்ல மோட்டார்.

இனி பைப்பை மோட்டாரிலிருந்து கழற்றி, ஒரு சாண் ஹோஸ் மட்டும் மாட்டி, தொட்டிக்குள்ளேயே ஓடவிட்டுப் பாருங்கள். இங்கேயும் சொட்டினால் மோட்டாரின் சல்லடையில் குப்பை, அல்லது உள்ளே சுழலும் இம்பெல்லரில் முடியோ பாசியோ சுற்றியிருக்கும். இங்கே பீறிட்டு அடித்து, முனையில் மட்டும் சொட்டினால் பைப்தான்.

பைப் என்றால் முதலில் பார்க்க வேண்டியது உள்விட்டம். மணிக்கு 1,000 லிட்டர் போகும்போது, உள்விட்டம் 16 மி.மீ. உள்ள பைப்பில் ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 14 செ.மீ. உயரத்துக்குச் சமமான அழுத்தம் உரசலிலேயே போய்விடுகிறது. 21 மி.மீ. என்றால் 4 செ.மீ.; 28 மி.மீ. என்றால் 1 செ.மீ.தான். மாடிச் சுவரைச் சுற்றி 6 மீட்டர் ஓடும் பைப்புக்குக் கணக்குப் போடுங்கள். சின்ன பைப்பில் 84 செ.மீ. உயரம் தண்டம். ஒரு மீட்டர் உயரப் படுக்கைக்குத் தள்ள வாங்கிய மோட்டார் கிட்டத்தட்ட இரண்டு மீட்டருக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். கடையில் கேட்க வேண்டியது ‘முக்கால் இன்ச்’ எனப்படும் 25 மி.மீ. பைப், முடிந்தால் ‘ஒரு இன்ச்’ எனப்படும் 32 மி.மீ. அரை இன்ச் பைப்பை இந்த வேலைக்கு நினைக்கவே வேண்டாம்.

அடிக்கடி கண்ணில் படும் கோளாறு இன்னொன்று. மோட்டாரோடு வரும் நுனி சின்னது. அதற்குப் பொருந்துகிறது என்று அந்த அளவு ஹோஸையே கடைசிவரை இழுத்துவிடுவார்கள். நுனியிலேயே ஒரு ரெட்யூசர் போட்டுப் பெரிய பைப்புக்கு மாறிவிடுங்கள். ஒரு சாண் நீளத்துக்குக் குறுகலாக இருப்பது பெரிய நஷ்டமில்லை, ஆறு மீட்டரும் குறுகலாக இருப்பதுதான் நஷ்டம்.

அடுத்தது எல்போ, அதாவது பைப்பைத் திருப்பும் முழங்கை வளைவு. 25 மி.மீ. பைப்பில் ஒரு எல்போ அரை மீட்டருக்கு மேல் நேர் பைப் செய்யும் தடையைச் செய்யும். சுவர் ஓரம் அழகாகத் தெரிய ஏழெட்டு எல்போ போட்டிருந்தால் பாதியையாவது எடுத்துவிட்டு, மூலைக்கு இரண்டு 45 டிகிரி வளைவாக மாற்றுங்கள்.

பச்சை கார்டன் ஹோஸ் போட்டவர்கள் மதியம் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். காலையில் சரியாக இருக்கும் ஹோஸ் வெயிலில் இளகி, சுவர் விளிம்பில் மடங்கிக் கிடக்கும். நூல் பின்னிய ஹோஸ் அவ்வளவு சீக்கிரம் மடங்காது. ஆனாலும் ஹோஸ் தேவைப்படுவது மோட்டாரைத் தூக்கிக் கழுவ வசதியாக இருக்கும் அந்த முதல் அரை மீட்டருக்கு மட்டுமே.

ஜாயிண்ட்டில் கசிகிறது, எத்தனை தடவை ஒட்டினாலும் கசிகிறது

சொல்யூஷனை மாற்றிப் பயனில்லை, பைப்பை அளந்து பாருங்கள். நம் கடைகளில் ‘முக்கால் இன்ச்’ என்ற ஒரே பெயரில் மூன்று சாமான் கிடைக்கிறது. ஐ.எஸ். 4985 என்று அச்சிட்ட சாம்பல் நிற பி.வி.சி.யின் வெளிவிட்டம் 25 மி.மீ. வீட்டு வேலைக்கு வரும் வெள்ளை யு.பி.வி.சி., ஷெட்யூல் 40 அல்லது 80 என்று போட்டிருப்பது, 26.7 மி.மீ. சுடுதண்ணீருக்கான சந்தன நிற சி.பி.வி.சி. 22.2 மி.மீ. தான். சாம்பல் பைப்பை வெள்ளை எல்போவில் சொருகினால் தொளதொளவென்று உள்ளே போய்விடும், சொல்யூஷன் அந்த இடைவெளியை நிரப்பி இரண்டு நாள் பிடித்து, மூன்றாம் நாள் விட்டுவிடும். வெள்ளைப் பைப்பைச் சாம்பல் ஃபிட்டிங்கில் திணிப்பதற்கு அடுப்பில் காட்டி இளக்குபவர்களும் உண்டு. அப்படி விரித்த இடம் மெலிந்து பிறகு வெடிக்கும்.

சரியான ஜோடி ஒட்டாமலே சொருகும்போது பாதி ஆழத்திலிருந்து முக்கால் ஆழத்துக்குள் இறுகி நிற்கும். கடைசிவரை சும்மா இறங்கினால் அது ஜோடி இல்லை. வெட்டிய இடத்தில் பிசிறைச் சுரண்டிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்து, தடவி, சொருகும்போதே கால் சுற்றுத் திருப்பி, அரை நிமிடம் பிடித்திருங்கள். மூன்று வகைக்கும் சொல்யூஷன் வெவ்வேறு, டப்பாவைப் படித்து வாங்குங்கள். சாம்பலிலிருந்து வெள்ளைக்கு மாறியே ஆக வேண்டுமென்றால் ஒட்டாமல் மரை வழியாக மாறுங்கள்: ஒரு பக்கம் எம்.டி.ஏ. (வெளிமரை ஃபிட்டிங்), மறுபக்கம் எஃப்.டி.ஏ. (உள்மரை ஃபிட்டிங்), நடுவில் டெஃப்லான் டேப்.

தொட்டிச் சுவரில் கசிந்தால், பைப்பைத் தொட்டியோடு இணைக்கும் டேங்க் கனெக்டரைப் பாருங்கள். ரப்பர் வாஷர் தண்ணீர் இருக்கும் பக்கம், அதாவது உள்ளே, இருக்க வேண்டும். வெளியே போட்டால் தண்ணீர் மரை வழியே சுற்றி வந்து சொட்டும். வளைந்த டிரம்மில் துளை போட்டிருந்தால் வாஷர் தட்டையாக உட்காராது. டிரம்மில் தட்டையான இடம் தேடிப் புதுத் துளை போடுவதே வழி.

வடியும் பைப்பில் லேசான கசிவு என்றால், அதை ஏன் ஒட்டினீர்கள் என்பதுதான் என் கேள்வி. ரப்பர் வளையம் வைத்த எஸ்.டபிள்யூ.ஆர். (கழிவுநீர், மழைநீர்) பைப்பை அங்கே போட்டால் ஒட்டவே வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இழுத்துக் கழற்றிக் கழுவலாம். வளையம் வழுக்கிப் போகச் சோப்பு தடவும் பழக்கம் உண்டு, மீன் தொட்டியில் அது கூடாது. தண்ணீரே போதும்.

படுக்கை நிரம்பி வழிகிறது, பைப் களக் களக் என்று சத்தம் போடுகிறது

வடியும் பைப், தள்ளும் பைப்பை விட இரண்டு அளவாவது பெரிதாக இருக்க வேண்டும். 25 மி.மீ.யில் தள்ளினால் 50 மி.மீ.யில் வடியட்டும். டேங்க் கனெக்டரின் உள்விட்டமும் அதே அளவா என்று பாருங்கள். பைப் 50 ஆக இருந்து கனெக்டர் 25 ஆக இருந்தால் கணக்கு 25தான்.

அளவு சரி, சத்தம் மட்டும் வருகிறது என்றால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது. பைப் எங்காவது மேலேறி இறங்குகிறதா என்று பாருங்கள். திண்டு, செங்கல் என்று எதையாவது தாண்டும் இடத்தில் ஒரு கூன் விழுந்திருக்கும், காற்று அங்கேதான் நிற்கும். கூனை எடுக்க முடியாவிட்டால் அதன் உச்சியில் ஒரு டீ (T வடிவ ஃபிட்டிங்) போட்டு, ஒரு முழம் பைப்பை மேல்நோக்கித் திறந்து விடுங்கள்.

பெரிதாகப் போடுங்கள் என்றதும் 110 மி.மீ.யைச் சரிவில்லாமல் படுக்க வைத்துவிடாதீர்கள். ஓட்டம் மெதுவாகிக் கழிவு அடியில் தங்கிவிடும். கொஞ்ச நாளில் பைப்பைத் திறந்தால் கறுப்புச் சேறும் அழுகிய முட்டை வாடையும் வரும். மீட்டருக்கு ஒரு செ.மீ.யாவது சரிவு வையுங்கள். மூலைகளில் எல்போவுக்குப் பதில் டீ போட்டு, மிச்சமிருக்கும் வாயை ஒட்டாத எண்ட் கேப்பால் மூடினால், மூடியைக் கழற்றி உள்ளே துணி கட்டிய கயிறு விட்டு இழுக்கலாம்.

கரண்ட் போனதும் ஒரு தொட்டி காலி, இன்னொன்று வழிகிறது

மோட்டார் நின்றதும் தண்ணீர் வந்த வழியே திரும்புகிறது. தள்ளும் பைப்பின் முனை மேல் படுக்கைத் தண்ணீருக்குள் முங்கியிருந்தால் சைஃபன் பிடித்து, அதாவது பைப் தானாகவே உறிஞ்சி, முனை இருக்கும் மட்டம்வரை எல்லாவற்றையும் கீழே இழுத்துவிடும். முனையைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே தூக்குங்கள். அல்லது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பைப்பில் 5 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். மோட்டார் நின்றதும் துளை காற்றை இழுத்து சைஃபனை முறித்துவிடும். ஓடும்போது அதில் லேசாகப் பீச்சியடிக்கும், துளையை உள்பக்கம் திருப்பிவிட்டால் ஆயிற்று. தண்ணீரை ஒரே பக்கம் மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு போடலாமே என்பார்கள். மீன் கழிவு ஒரு துணுக்கு மாட்டினாலே அது மூடாமல் நிற்கும், நான் நம்புவதில்லை.

இதைவிட மோசமானது, கரண்ட் இருக்கும்போதே மீன் தொட்டி அடிவரை காலியாவது. தொட்டியின் அடியிலிருந்து கழிவை இழுக்க ஒரு பைப் வைத்து, நீர்மட்டத்தில் டீ போட்டு வெளியே கொண்டுபோவது வழக்கம். அந்த டீயின் மேல்வாய் திறந்தே இருக்க வேண்டும். குப்பை விழுகிறது என்றோ பார்க்க நன்றாயில்லை என்றோ யாராவது அதற்கு மூடி போட்டால், அந்த நொடியிலிருந்து அது சைஃபன். கொசுவுக்குப் பயந்தால் வலைத்துணி கட்டுங்கள்.

மோட்டார் மீன் தொட்டிக்குள்ளேயே அடியில் கிடந்தால் இன்னொரு ஆபத்து: வெளியே எங்காவது ஒரு ஜாயிண்ட் விட்டுப்போனால், மோட்டார் கடைசிச் சொட்டுவரை வெளியே இறைத்துவிடும். மோட்டாருக்குத் தனியாக ஒரு தாழ்ந்த தொட்டி வைத்து, மீன் தொட்டி வழிந்து அதில் விழுவது போல் மாற்றிவிட்டால், ஜாயிண்ட் விட்டாலும் காலியாவது அந்தச் சின்னத் தொட்டிதான். புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒன்றில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம்.

பெல் சைஃபன் இழுக்க மாட்டேன் என்கிறது, அல்லது நிற்க மாட்டேன் என்கிறது

ஜல்லிப் படுக்கை நிரம்பியதும் தண்ணீரைத் தானாக இழுத்து வடிப்பது பெல் சைஃபன்: ஒரு நடுக்குழாய், அதன் மேல் மணி போலக் கவிழ்த்த, தலை மூடிய பைப். நிரம்பிய பிறகும் நடுக்குழாய் வழியே சும்மா வழிந்துகொண்டிருந்தால் வரும் தண்ணீர் போதவில்லை. வால்வைக் கொஞ்சம் திறந்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் நடுக்குழாயின் தலையில் ரெட்யூசரை அகன்ற வாய் மேலே இருக்கும்படி புனல் போல வையுங்கள், வெளியேறும் முனையில் ஒரு எல்போ போடுங்கள். மணியின் மூடி காற்று விடுகிறதா என்றும் பாருங்கள். மரை மூடி என்றால் பெரும்பாலும் அதுதான் குற்றவாளி.

காலியான பிறகும் நிற்காமல் உறிஞ்சிக்கொண்டே இருந்தால் வரத்து அதிகம். வால்வைக் குறைத்துப் பாருங்கள். பிறகு மணியின் அடியிலுள்ள வெட்டுகளைச் சற்று உயரமாக்குங்கள், காற்று சீக்கிரம் நுழையும். 25 மி.மீ. நடுக்குழாய்க்கு 63 மி.மீ. மணி, ஜல்லி உள்ளே வராமல் அதைச் சுற்றி ஓட்டை போட்ட 110 மி.மீ. பைப் என்ற கூட்டணி பெரும்பாலும் ஒழுங்காக ஓடும்.

வாரா வாரம் ஓட்டம் குறைகிறது, டியூபுக்குள் பச்சை

உள்ளே தெரிகிற டியூபில் வெளிச்சம் போகும், தண்ணீரில் நைட்ரேட் இருக்கிறது, பாசிக்கு வேறென்ன வேண்டும்? மெல்லிய வெள்ளைப் பைப்பும் வெயிலில் வெளிச்சத்தை உள்ளே விடும். கையை உள்ளே விட்டு வெளியிலிருந்து பாருங்கள், விரல் நிழல் தெரிந்தால் பாசி வரும். முதலில் கறுப்பு பெயிண்ட், அது காய்ந்ததும் மேலே வெள்ளை: கறுப்பு வெளிச்சத்தை நிறுத்தும், வெள்ளை சூட்டைத் திருப்பும். பி.வி.சி. வெயிலில் மாவு பூத்து நொறுங்குவதும் இதில் தள்ளிப்போகும்.

சுத்தம் செய்ய பிளீச்சிங் பவுடர் வேண்டாம், அம்மோனியாவைக் கவனிக்கும் பாக்டீரியாவும் சேர்ந்து போய்விடும். கயிற்றில் கட்டிய துணி போதும். சொட்டுநீர் டிரிப்பர் போட்டவர்கள் அதைப் பிடுங்கிவிட்டு 6 மி.மீ. துளையாக மாற்றிக்கொள்ளுங்கள். மீன் தண்ணீருக்கும் டிரிப்பருக்கும் ஒத்துவராது.

கீரை பைப்பில் முதல் செடி செழிப்பு, கடைசிச் செடி வாட்டம்

பைப் நடுவில் தொய்ந்திருக்கும், அல்லது முதல் செடியின் வேர் அணை கட்டியிருக்கும். தாங்கியை மீட்டருக்கு ஒன்று வையுங்கள், புதினாவை வரிசையின் கடைசிக்கு மாற்றுங்கள், தக்காளியை ஜல்லிப் படுக்கைக்கு அனுப்புங்கள். ஒரு பைப்புக்கு நிமிடத்துக்கு 1 முதல் 2 லிட்டர் போதும். எண்ட் கேப்பில் வெளியேறும் துளையை அடியோடு போடாமல் 2 செ.மீ. உயர்த்தினால் கரண்ட் இல்லாத நேரத்திலும் வேருக்குத் தண்ணீர் இருக்கும். சேறு கொஞ்சம் தங்கத்தான் செய்யும், மின்வெட்டு அதிகமுள்ள ஊரில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மே மாதத்தில் எல்லாச் செடியும் மதியம் தொங்கினால் அது பைப் சூடு. பெயிண்ட் அடித்தும் அடங்காவிட்டால் நிழல்வலைதான்.

சில்லறைத் தொல்லைகள்

ஹோஸ் கிளிப் துருப்பிடித்தால் 304 ஸ்டெயின்லெஸ் என்று கேட்டு வாங்குங்கள். ஏர் பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போகும்போது டியூப் வழியே தண்ணீர் அதற்குள் இறங்கிவிடும். கறுப்பு சொட்டுநீர் டியூபில் ஊசி போல நீர் பீச்சினால், வெட்டு கரடுமுரடாக இருக்கிறதா பாருங்கள்: அது அணில். அந்த இடத்தை வெட்டி ஒரு ஜாயினர் போட்டுவிட்டு, தரையோரம் ஓடும் நீளத்தைப் பி.வி.சி. பைப்புக்குள் நுழைத்துவிடுங்கள்.